ஓடிப்போன சூறாவளி

சவ்வாது மலையின்மேல், திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த காவலூரில், விண்மீன்களை ஆராயும் நிலையம் ஒன்று உளது. கடல் மட்டத்தினின்றும் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், சாமை விளையும் மலைவயல்களுக்கும் அடர்ந்த காட்டிற்கும் இடையே அஃது அமைந்திருக்கின்றது. வைணு பாப்பு என்னும் வானியலறிஞர் 1960களின் இறுதியில் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1986ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பெற்ற பெருந் தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு உடையது. மாசி, பங்குனித் திங்கள்களில் இம்மலையின் இரவு வானம் கழுவிய கண்ணாடிபோல் தெளிந்து விளங்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிலோ நிலைமை வேறு. வங்கக் கடலில் புயற்சின்னம் ஒன்று தோன்றிவிட்டால், தொலைவில் உள்ள இம்மலை முகடுகளையும் கருமேகம் வந்து கவிந்துகொள்ளும். அப்பொழுது குவிமாடத்தின் கதவை அடைத்துவிட்டுக் காத்திருப்பதன்றி, அங்குள்ள அறிஞர்க்குச் செய்யத்தக்கது வேறொன்றும் இல்லை.

புயலின் வருகையை முன்னறிந்து கூற இன்று கருவிகள் பல உள. அதனைத் தடுத்து நிறுத்தும் கருவிதான் இல்லை. ஆனால், கதையுலகில் ஒருமுறை அது நிகழ்ந்தது. கல்கத்தா மாநகரை அழிக்க வந்த பெரும் புயல் ஒன்று, கடலின் நடுவே ஒரு சிறு புட்டி எண்ணெயால் அடங்கி ஒடுங்கிற்று. அக்கதையை 1896ஆம் ஆண்டில் எழுதியவர் தொழில்முறைக் கதாசிரியர் அல்லர்; அறிவியல் பேராசிரியர். சகதீச சந்திர போசு என்பது அவர் பெயர்.

போசின் பெயரைக் கேட்டதும் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்த பேரறிஞர் என்பது எவர்க்கும் நினைவுக்கு வரும். கம்பியின் துணையின்றி மின்னலைகளைச் செலுத்திக் காட்டியவர் என்பதையும் பலர் அறிவர். அவர் ஒரு கதையும் எழுதினார் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. பெருமரத்தின் நிழலில் முளைத்த சிறு பூச்செடியைப்போல, அவருடைய பிற புகழின் கீழ் அக்கதை மறைந்து கிடந்தது.

போசு 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள், இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்த மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் ஆங்கில அரசில் உயர் பதவி வகித்தவர். அக்காலத்தில் அத்தகைய பதவியில் இருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே பெருமை என்று கருதினர். பகவான் சந்திரரோ தம் மகனை முதற்கண் ஊர்ப்புறத்து வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். தாய்மொழியை நன்கு கற்ற பின்னரே அயல்மொழியைக் கற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பள்ளியில் அலுவலக ஏவலர் ஒருவரின் மகனும் மீனவர் ஒருவரின் மகனும் போசுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தனர். நீர்வாழ் உயிர்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் அவர்கள் கூறிய செய்திகளைச் சிறுவர் வாய் திறந்தவாறு கேட்டுக்கொண்டிருப்பார்.

அவரைப் பள்ளிக்குத் தோளில் தூக்கிச் சென்றவரும் விந்தையான மனிதரே. அவர் முன்னர்க் கொள்ளைக்காரராக இருந்து, பகவான் சந்திரரால் தண்டிக்கப்பெற்றுச் சிறை சென்று மீண்டவர். விடுதலையான பின் பிழைக்க வழியின்றி வந்து நின்ற அவரை, அப்பெருமகனார் தம் வீட்டு வேலையிலேயே அமர்த்திக்கொண்டார். தம் பழைய வாழ்க்கையின் நிகழ்ச்சிகளை எல்லாம் அவர் வழிநெடுகச் சிறுவர்க்குக் கதையாகக் கூறுவார். கதை கேட்டு வளர்ந்த குழந்தை, பின்னாளில் கதை சொல்லத் தெரிந்தவராக விளங்கியதில் வியப்பில்லை.

பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியில் பயின்ற போசு, 1880ஆம் ஆண்டில் மருத்துவம் கற்கும் பொருட்டு இலண்டன் சென்றார். உடல்நலக் குறைவால் அக்கல்வியைக் கைவிட்டுக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ரேலி பிரபு சிறந்தவர். இப்பெயரை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கதையின் எண்ணெய்ப் புட்டியைக் காணும்போது இவர் மீண்டும் வருவார்.

1885ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய போசு, கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். ஐரோப்பிய ஆசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு என்பது அந்நாளைய விதி. போசின் பணி நிலையானது அன்று என்று கூறி, அதிலும் பாதியே அவருக்கு அளிக்க முன்வந்தனர். தொழில் ஒன்றே, ஊதியம் மட்டும் வேறோ என்று அவர் உள்ளம் கொதித்தது. ஆயினும் அவர் வேலையை விட்டு விலகவில்லை, கூச்சலிடவும் இல்லை. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று பாடம் கற்பித்தார். திங்கள்தோறும் ஊதியத்தைத் தொடாமல் விட்டுவிட்டார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. தந்தையார்க்கோ கடன் மிகுதி, வீட்டிலோ வறுமை. 1887இல் அவரை மணந்த அபலா அம்மையார் இத்துன்பத்தில் முழுப்பங்கு கொண்டார். அவ்வம்மையார் கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடமில்லாமையால் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் என்பது தமிழ்நாட்டு மாணாக்கர் அறியத்தக்க செய்தி. இறுதியில் அரசு தன் பிழையை உணர்ந்து, பணியேற்ற நாள் முதல் முழு ஊதியத்தையும் கணக்கிட்டுக் கொடுத்தது. அப்பணம் தந்தையாரின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கென்று தக்க கூடம் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. சிறியதோர் அறையில், உள்ளூர்த் தகர வேலைக்காரரைப் பழக்கி, வேண்டிய கருவிகளைத் தாமே செய்வித்துக்கொண்டார். அவர் ஆராய்ந்த மின்னலைகளின் நீளம் சில மில்லிமீட்டரே ஆகும். 1895ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில், ஆளுநரின் முன்னிலையில், அவ்வலைகள் சுவர்களையும் ஊடுருவிச் சென்று தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. இவ்வலைகளின் அதிர்வைத் தளப்படுத்த அவர் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று, இரயில் வண்டிகளின் நேரங்களைக் காட்டும் தடித்த அட்டவணைப் புத்தகம்! அதன் ஏடுகளுக்கிடையே ஈயத் தாள்களைச் செருகிவிட்டால் அது நல்ல ஆராய்ச்சிக் கருவியாகிவிட்டது. முறுக்கிய சணற்கற்றையையும் அவ்வாறே அவர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். எளிய பொருளில் அரிய ஆற்றலைக் காணும் இக்கண், அவர் கதையிலும் விழித்திருக்கக் காணலாம்.

அக்கதை பிறந்த வரலாறும் சுவையுடையது. கல்கத்தாவில் ஏமேந்திர மோகன் போசு என்னும் வணிகர் குந்தளீன் என்ற கூந்தல் எண்ணெயையும், தெல்கோசு என்ற நறுமணப் பொருளையும் செய்து விற்றுவந்தார். 1896ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறுகதைப் போட்டியை அறிவித்தார். கதையில் அவருடைய பொருள்களின் பெயர் வருதல் வேண்டும்; ஆனால், கதை விளம்பரம்போல் தோன்றலாகாது. இதுவே விதி. கேட்பதற்கு எளிதாயினும் செய்வதற்கு அரிதான விதி இது. முதற்பரிசு பெற்ற கதையின் தலைப்பு, காணாமற்போன ஒன்றின் கதை என்று பொருள்படுவது. எழுதியவர் தம் பெயரை வெளியிடவில்லை. அவர் மாகாணக் கல்லூரிப் பேராசிரியரே என்பது பின்னரே வெளிப்பட்டது. இப்போட்டி பின்னும் பல ஆண்டுகள் நடந்தது. 1903இல் சரத் சந்திரரும் தம் உறவினர் பெயரில் கதை அனுப்பிப் பரிசு பெற்றார். எண்ணெய் விற்றவர் இலக்கியத்திற்குச் செய்த தொண்டு சிறிதன்று.

கதையின் பொருள் புயல். வங்காள மக்களுக்குப் புயல் என்பது வெறுங் கற்பனையன்று. 1864ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரவர் மாண்டனர். அப்பொழுது போசுக்கு வயது ஆறு நிரம்பவில்லை. 1876ஆம் ஆண்டில் பாக்கர்கஞ்சு புயல் அதனினும் கொடியதாய் வந்தது. சுழன்றடிக்கும் இக்காற்றிற்குச் சைக்கிளோன் என்னும் பெயரை இட்டவரும் கல்கத்தாவில் வாழ்ந்த என்றி பிடிங்டன் என்பவரே. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதனை அமைத்தார். புயல்களின் அழிவு தந்த பாடத்தால், 1875ஆம் ஆண்டில் அரசு வானிலைத் துறையை நிறுவிற்று. ஆகவே, வானிலை எச்சரிக்கை என்பது போசு கதை எழுதிய காலத்தில் இளமை மாறாத புதுமையாக இருந்தது.

கதை செய்தித்தாளின் நடையில் தொடங்குகின்றது. சிம்லாவில் உள்ள வானிலை நிலையம், வங்கக் கடலில் புயல் உருவாகின்றது என்று தந்தி அனுப்புகின்றது. நாளுக்கு நாள் எச்சரிக்கை கடுமையாகின்றது. கல்கத்தா நகரமே நடுங்கிக் காத்திருக்கின்றது. குறித்த நாளும் வந்தது. ஆனால், புயல் வரவில்லை! வானம் தெளிந்து வெயில் எறிக்கின்றது. கடலில் திரண்டிருந்த அத்துணைப் பெருங்காற்று எங்கே போயிற்று? செய்தித்தாள்கள் வானிலைத் துறையை எள்ளுகின்றன. அயல்நாட்டு அறிஞர்கள் கூடி ஆளுக்கொரு காரணம் கற்பிக்கின்றனர். ஒருவர் காரணத்தை மற்றொருவர் ஏற்கவில்லை. புதிர் புதிராகவே நின்றுவிடுகின்றது.

இவ்விடத்தில் கதையின் குரல் மாறுகின்றது. உலகில் ஒருவருக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் வாய் திறக்கின்றார். அவர் அறிஞர் அல்லர். நெடுநாட் காய்ச்சலில் படுத்தெழுந்த ஒரு குடும்பத்தலைவர். காய்ச்சலால் தலைமயிர் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. அவருடைய எட்டு வயது மகள் ஒருநாள் தந்தையிடம் தீவு என்பது யாது என்று வினவுகின்றாள். அவர் விடை கூறுமுன்னரே, வழுக்கையின் நடுவே தனித்து நின்ற சிறு மயிர்க்கற்றையைத் தொட்டுக்காட்டி, இதுவே தீவு என்று தானே விடையும் கூறிவிடுகின்றாள். நிலநூற் பாடத்தைத் தந்தையின் தலையிற் கண்ட அக்குழந்தையை ஒருமுறை படித்தவர் மறத்தல் அரிது. உடல் தேறக் கடற்பயணம் செய்தல் வேண்டும் என்று மருத்துவர் கூறவே, அவர் இலங்கைக்குக் கப்பலேறுகின்றார். எஞ்சிய அத்தீவாவது அழியாதிருக்கட்டும் என்று எண்ணிய மகள், ஒரு புட்டி கூந்தல் எண்ணெயைத் தந்தையின் பையில் வைத்து அனுப்புகின்றாள்.

நடுக்கடலில் புயல் எழுகின்றது. அலைகள் மலைபோல் எழுந்து கப்பலை மோதுகின்றன. மாலுமிகளும் நம்பிக்கை இழந்துவிட்டனர். சாவை எதிர்நோக்கி நின்ற அவருக்கு மகளின் முகம் நினைவில் எழுகின்றது. அவள் வைத்த புட்டியும் நினைவுக்கு வருகின்றது. எண்ணெய் அலையை அடக்கும் என்று அறிவியல் ஏடொன்றில் எப்பொழுதோ படித்த செய்தியும் உடன் தோன்றுகின்றது. புட்டியைத் திறந்து கடலில் வீசுகின்றார். எண்ணெய் பட்ட கடல் அடங்குகின்றது. அதனோடு புயலும் ஒழிகின்றது. உலக அறிஞரெல்லாம் தேடிய விடை, ஒரு சிறுமியின் அன்பில் இருந்தது.

கடலிடைத் துன்புற்றோர்க்குத் தெய்வம் வந்து உதவுவதாகக் கூறுதல் பழங்கதைகளின் மரபு. கோவலனின் முன்னோர் ஒருவர் கடலில் கலமுடைந்து தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் தோன்றிக் காத்தது என்பதும், அந்நன்றி மறவாமல் அப்பெயரையே கோவலன் தன் மகளுக்கு இட்டான் என்பதும் சிலப்பதிகாரம் கூறும் செய்திகள். போசின் கதையில் தெய்வம் வரவில்லை. காத்த தெய்வத்தின் இடத்தில் மகளே நிற்கின்றாள். தெய்வத்தின் கை வேலையை எண்ணெய்ப் புட்டி செய்கின்றது. மரபை அறிந்தவர்க்கு இம்மாற்றம் தனி இன்பம் தரும்.

இனி, எண்ணெய் உண்மையில் அலையை அடக்குமோ என்று வினவலாம். ஓரளவிற்கு அடக்கும். அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் பிராங்கிளின், இலண்டனை அடுத்த ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு, அரை ஏக்கர் பரப்பு நீர் சலனமின்றி அமைதியுற்றதைக் கண்டு, 1774ஆம் ஆண்டில் வெளியிட்டார். எண்ணெய் நீரின்மேல் மிக மெல்லிய படலமாகப் பரவும். அப்படலம் சிற்றலைகளை எழவொட்டாமல் ஒடுக்கும். சிற்றலை இல்லாவிடில் காற்றிற்கு நீரைப் பற்றி அலைக்கும் பிடி குறையும். அப்படலத்தின் கனம் எவ்வளவு என்பதை 1890ஆம் ஆண்டில் அளந்து ஆராய்ந்தவர், போசின் ஆசிரியராகிய ரேலி பிரபுவே. எனவே, கதையின் எண்ணெய் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்று கொள்ளுதல் தவறாகாது. ஆயின், குளத்தின் சிற்றலை வேறு, சூறாவளி வேறு. பல நூறு கிலோமீட்டர் பரந்த அக்காற்றுச் சுழல், வெப்பமுற்ற கடலினின்றும் எழும் நீராவியால் வலிமை பெறுவது. ஒரு புட்டி எண்ணெய் அதனை யாதும் செய்யாது. இதனைப் போசு அறியாதவரா? நன்கறிந்தே நகைத்தார். சிறிய உண்மை ஒன்றைப் பிடித்து, அதனை உலகளவு நீட்டிக் காட்டுதலே இக்கதையின் உத்தி.

1972ஆம் ஆண்டில் எட்வர்டு லாரன்சு என்னும் வானிலையறிஞர், பட்டாம்பூச்சியின் சிறகடிப்புத் தொலைநாட்டில் சூறைக்காற்றை எழுப்பக்கூடுமோ என்று வினவினார். அதனைப் போசு முன்னரே கண்டார் என்று புகழ்வார் சிலர். அது மிகையான புகழ்ச்சி. நகைச்சுவைக்கு அத்துணைப் பெரிய சுமையை ஏற்றுதல் கூடாது. கதையின் பெருமை வேறிடத்தில் உள்ளது. எவர் அறிவு அறிவாகக் கொள்ளப்படும் என்னும் வினா அதனுள் மறைந்திருக்கின்றது. ஆளும் நாட்டின் அலுவலகங்களும் அறிஞர் கழகங்களும் விடை காணாது திகைக்கையில், பெயர்கூட அறியப்படாத வங்காளி ஒருவர் கையில் விடை இருக்கின்றது. மூன்றாண்டு ஊதியம் தொடாமல் பாடம் சொன்னவர் எழுதிய கதை இது என்பதை எண்ணினால், அச்சிரிப்பின் அடியில் உள்ள சூடு புலனாகும்.

ஆங்கில நாட்டில் வெல்சு என்பவர் காலப்பொறி என்னும் புகழ்பெற்ற கதையை வெளியிட்டது 1895இல். போசின் கதை அதற்கு அடுத்த ஆண்டே தோன்றியது. வெல்சின் கதை உலகெங்கும் பரவிற்று. போசின் கதையோ எண்ணெய் வணிகர் வெளியிட்ட பரிசுக் கதைத் தொகுதியில் தங்கிவிட்டது. விளம்பரத்திற்காகப் பிறந்தது என்று இலக்கியத்தார் அதனை ஒதுக்கினர். விளையாட்டு என்று அறிவியலார் ஒதுக்கினர். குறையற்ற கதை என்றும் அதனைக் கூறுதற்கில்லை. முற்பகுதியின் செய்தித்தாள் நடை சற்றே நீளுகின்றது. முடிவு விரைந்து வந்துவிடுகின்றது. எனினும், எண்ணெய் விற்பதற்கு எழுதச் சொன்ன கதையில் எண்ணெயையே நகைப்புக்குரிய மாமருந்தாக்கிய துணிவு சிலர்க்கே வாய்க்கும்.

போசு அக்கதையைக் கைவிடவில்லை. 1921ஆம் ஆண்டில் தம் வங்காளி உரைநடைகளைத் தொகுத்து, சொல்லப்படாதது என்று பொருள்படும் அவ்யக்தம் என்னும் நூலை வெளியிட்டபோது, கதையைத் திருத்தி, ஓடிப்போன சூறாவளி என்று புதுப்பெயரிட்டு அதில் சேர்த்தார். எண்ணெயின் பெயரும் குந்தள கேசரி என்று மாறிற்று. குந்தளம் என்பது கூந்தல்; கேசரி என்பது பிடரிமயிர் உடைய சிங்கம். வழுக்கைத் தலைக்கு இதனினும் வீரமிக்க எண்ணெய் வேறு உண்டோ! அந்நூலில் கண்ணுக்குப் புலனாகாத ஒளியைப் பற்றிய கட்டுரையும், பாகீரதியின் தோற்றத்தைத் தேடிய கட்டுரையும் உள்ளன. உலகப் புகழ் பெற்ற பின்னும், ஊர்ப்பள்ளியில் கற்ற மொழியிலேயே அறிவியலை எழுதுதல் வேண்டும் என்ற ஆர்வம் அவரை விட்டு நீங்கவில்லை.

கதையின்மேல் அவருக்கிருந்த காதலை நண்பர் இரவீந்திரநாத தாகூர் நன்கறிவார். சிலைதகத்தில் தாகூர் தங்கியிருந்த நாட்களில், போசு வார இறுதியில் அங்குச் செல்வார். செல்லுந்தோறும் தமக்குப் புதிய கதை ஒன்றைப் படித்துக்காட்டுதல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. தாகூரும் அதற்கு இணங்கி எழுதி வைத்திருப்பார். கடன்காரரைப்போல் வந்து கதையைக் கேட்டுப் பெற்றுச் சென்றவர் ஓர் அறிவியலறிஞர் என்பது நினைக்க இனிமை தருவது.

பின்னாளில் போசின் கவனம் செடிகொடிகளின்பாற் சென்றது. அவற்றின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அவர் அமைத்தார். அவர் கூறிய முடிபுகளுள் சிலவற்றை ஐரோப்பிய அறிஞர் ஏற்க மறுத்தனர்; அவ்வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 1917ஆம் ஆண்டில் தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போசு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1920இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் கிரிதியில் அவர் மறைந்தார். அது வங்கக் கடலில் புயல்கள் எழும் பருவம். அவர் எழுதிய சூறாவளிக் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று 2013ஆம் ஆண்டில் அயல்நாட்டு இதழில் வெளிவந்தது. எழுதப்பெற்ற நூற்றுப்பதினேழு ஆண்டுகளுக்குப் பின், தீவு என்பது யாது என்று வினவிய சிறுமியை அயல்நாட்டார் பலர் அப்பொழுதுதான் முதன்முறையாகக் கண்டனர்.